ஓட்டு முடிந்தது, வெறி கிளம்பியது!

“ஐரோப்பிய யூனியனில் இருப்பதா, விலகுவதா?”

2016-ம் ஆண்டு ஜூன் 23-ந் தேதி பிரிட்டிஷ் மக்களிடம் இந்தக் கேள்வி கேட்கப்பட்டது. “விலக வேண்டும்” என்று 100-க்கு 52 பேர் ஓட்டுப் போட்டார்கள். “இருக்க வேண்டும்” என்று 48 பேர் ஓட்டுப் போட்டார்கள். நாடு இரண்டாகப் பிரிந்து நின்றது.

பிரசாரத்தின்போதே அனல் பறந்தது. “வெளிநாட்டார் வந்து குவிகிறார்கள்” என்று சிலர் முழங்கினார்கள். ஓட்டெடுப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஜோ காக்ஸ் என்ற பெண் எம்.பி. பட்டப்பகலில் நடுத்தெருவில் கொல்லப்பட்டார். “விலகக் கூடாது” என்று பிரசாரம் செய்தவர் அவர். இரண்டு குழந்தைகளின் தாய். கொலையாளி ஒரு இனவெறியன்.

சுவரில் வசை

முடிவு வெளியான இரண்டாம் நாள். லண்டனில் உள்ள போலந்து நாட்டினரின் சங்கக் கட்டிடத்தில் யாரோ வசைமொழி எழுதிவிட்டுப் போனார்கள். வேறு இடங்களில், “ஊருக்குப் போ!” என்று தெருவில் போனவர்களைப் பார்த்துக் கத்தினார்கள்.

அந்த ஜூலையில் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் போலீசார் பதிவு செய்த இனவெறி, மதவெறிக் குற்றங்கள் 5,468. முந்தைய ஆண்டு ஜூலையில் 100 குற்றங்கள் என்றால், இந்த ஜூலையில் 141!

காரணம் என்ன?

ஓட்டு ஒரே நாளில் வெறுப்பை உண்டாக்கிவிடவில்லை. அது சிலர் மனதில் முன்பே இருந்தது. ஊர் என்ன சொல்லுமோ என்ற பயத்தில் அடங்கிக் கிடந்தது. முடிவு வந்ததும், “பாதி நாடு நம் பக்கம்” என்று அவர்கள் தப்புக் கணக்குப் போட்டார்கள். பயம் போனது, வாய் திறந்தது, கையும் நீண்டது.

உண்மை வேறு. விலக ஓட்டுப் போட்டவர்கள் 1 கோடியே 74 லட்சம் பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் துன்புறுத்தவில்லை. “நம் சட்டத்தை நாமே செய்ய வேண்டும்” என்பதே பலருடைய எண்ணம்.

இன்னொரு வேடிக்கை. கேள்வி ஐரோப்பாவைப் பற்றியது. ஏச்சும் பேச்சும் வாங்கியவர்களிலோ, அங்கேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம்களும் உண்டு. வெறிக்கு ஏது விலாசம்?

மலர்க்கொத்து

வசை எழுதப்பட்ட அந்தப் போலந்து சங்கத்துக்கு என்ன வந்தது தெரியுமா? மலர்க்கொத்துகள்! ஆறுதல் கடிதங்கள்! அனுப்பியவர்கள் முன்பின் தெரியாத ஆங்கிலேயர்கள்.

ஓட்டு ஒரு நாள் காரியம். அண்டை வீட்டார் என்றும் இருப்பவர்கள். மேடையில் பேசுகிறவர்கள் இதை நினைவில் வைத்தால், பல வீடுகளில் நிம்மதி இருக்கும்.