பரணில் தூங்கும் சர்வர்

ஓசூர் சிப்காட் பக்கம் உள்ள ஏதாவது ஒரு ஜாப் ஒர்க் பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். இருபது வருடம் ஓடிய லேத் மெஷினை யாரும் தூக்கி எறிவதில்லை. பேரிங் மாற்றுவார்கள், பெல்ட் மாற்றுவார்கள், எண்ணெய் விட்டு அடுத்த ஷிப்டுக்கு ஓட்டுவார்கள். ஓடுகிற மெஷினை எவனாவது காயலான் கடையில் போடுவானா?

அதே பட்டறைத் தொழிலாளியின் வீட்டுக்குப் போனால் கதையே வேறு. மகனுக்குப் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி பரணில் தூசி படிந்து கிடக்கும். கேட்டால், "அது ஸ்லோ ஆயிடுச்சுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். கீழே அந்த மகனோ, 'இடம் இல்லை' என்று கைப்பேசி காட்டும் எச்சரிக்கையைப் பார்த்துக்கொண்டு, எதை அழிப்பது என்று விழித்துக்கொண்டிருப்பான். பாட்டியின் கடைசிப் பொங்கல் படத்தையா? தங்கச்சியின் காதுகுத்து வீடியோவையா?

பரணில் 320 ஜிபி சும்மா கிடக்க, பாட்டியின் படத்தை அழிக்கும் இந்தக் கொடுமையை என்னவென்று சொல்வது?

சரி, கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அதன்பின் வந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் போய்ச் சேர்ந்தன. தொடக்கத்தில் வந்தவற்றில் 2 ஜிபி நினைவகம், 320 ஜிபி வன்தட்டு. விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்தே கொடுத்தார்கள். அதை எத்தனை பேர் ஒரு முறையாவது திறந்து பார்த்திருப்பார்கள்?

திட்டம் தொடங்கி ஐந்தரை மாதம் கழித்து, 2012 பிப்ரவரி 29-ல், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி வெளிவந்தது. விலை 35 டாலர். திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது, பேட்டரி கிடையாது, வன்தட்டும் கிடையாது. உலகம் முழுக்க ஆர்வலர்கள் அதை வாங்கி வீட்டு சர்வராக மாற்றிக் கொண்டாடினார்கள். இந்த நான்கும் சேர்ந்த ஒரு கணினியை நம் வீடுகள் இலவசமாகப் பெற்றன. பெற்று, பரணில் ஏற்றின!

சர்வர் என்றதும் பெங்களூரில் ஏசி அறையில் நிற்கும் பெரிய பெட்டிதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. ஹோட்டல் சர்வர் என்ன செய்கிறார்? கேட்டதைக் கொண்டுவந்து வைக்கிறார். இதுவும் அவ்வளவுதான். கேட்கும் கோப்பை எடுத்துக் கொடுக்க வேண்டும். அதற்கு வேகமும் வேண்டாம், அழகான திரையும் வேண்டாம். டெபியன் போன்ற ஒரு லினக்ஸை வரைகலைத் திரை இல்லாமல் நிறுவி, மூடியை மூடினாலும் தூங்காதபடி அமைத்து, சம்பா என்ற மென்பொருளைப் போட்டால் போதும். வீட்டு வைஃபையில் உள்ள எல்லாக் கைப்பேசியும் அதில் படங்களைப் போடலாம், எடுக்கலாம். கிவிக்ஸ் போட்டுத் தமிழ் விக்கிப்பீடியாவை ஒரு முறை இறக்கி வைத்தால், டேட்டா தீர்ந்த நாளிலும் தம்பி வீட்டுப்பாடம் படிப்பான். அத்தனையும் கட்டற்ற மென்பொருள், காலணா செலவில்லை.

"மாதம் கொஞ்சம் கட்டினால் கூகுளே இடம் தருகிறதே, எதற்கு இந்த வம்பு?" என்பார்கள். ஓசூரில் வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. கூகுள் போட்டோஸ், அளவைச் சற்றுக் குறைத்த படங்களுக்கு எத்தனை ஆயிரமானாலும் இலவச இடம் என்றது. வீட்டுக்காரர் மனம் மாறினார். 2021 ஜூன் 1 முதல் புதிதாக ஏற்றும் படங்களெல்லாம் 15 ஜிபி கணக்கில் சேர்ந்தன. சாமான் முழுவதையும் உள்ளே கொண்டுவந்து வைத்தபிறகு வாடகை கேட்டால் எங்கே போவது?

அடுத்து கரண்ட் பில். திரை அணைந்த பழைய மடிக்கணினி சுமார் 15 வாட் எடுக்கும் என்று வையுங்கள். இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 22 யூனிட். ஆனால் விடிய விடிய ஓடத்தான் வேண்டும் என்று யார் சொன்னது? மாலையில் ஐந்து மணி நேரம் ஓடட்டும். நாலரை யூனிட். வீட்டுக்காரர் யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வாங்கினாலும் 45 ரூபாய்தான். நாலு டீ காசு!

குறைகளையும் மறைக்க வேண்டாம். பழைய வன்தட்டு சொல்லாமல் கொள்ளாமல் சாகும். முடிந்தால் ஒரு சிறிய எஸ்எஸ்டி மாற்றுங்கள், இல்லாவிட்டால் முக்கியமான படங்களுக்கு இன்னொரு பிரதி கட்டாயம். பேட்டரி உப்பியிருந்தால் அதை உடனே கழற்றி மின்கழிவு வாங்குபவர்களிடம் கொடுக்க வேண்டும், அதில் விளையாட்டு கூடாது. நல்ல நிலையில் இருந்தால் அதுவே சின்ன யூபிஎஸ். வெளியூரிலிருந்து திறக்கும் ஆசையை முதலில் விட்டுவிடுங்கள். வீட்டுக்குள் மட்டும் இயங்கும் சர்வருக்கு வெளித் திருடன் வருவது கடினம்.

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 ஏறாத கணினிகளை எல்லாம் 'பழசு' என்று சொல்லிப் புதிதாக விற்க ஆள் வருவார்கள். கைக்கடிகாரமும் டிவிஎஸ் வண்டியும் ஐபோன் உறையும் செய்து அனுப்புகிற மண் இது. இங்கே ஒரு பொருள் செத்துவிட்டதா இல்லையா என்பதை விற்பவனா சொல்வது?

அதை ஏணி போட்டு இறக்குங்கள். துடைத்து, சார்ஜரைச் செருகிப் பாருங்கள். விளக்கு எரிந்தால், பாட்டியின் படத்தை அழிக்க வேண்டியதில்லை.