கொல்லைப்புறத்து வானமும் நகரசபை விளக்கும்

வானசாஸ்திர ஆராய்ச்சி அரசர்களின் பொக்கிஷத்தினாலும் சர்க்கார் மானியத்தினாலுமே நடைபெறத்தக்கதென்று நம்மவரில் படித்தவர்கள்கூட எண்ணுகின்றனர். இது பிசகான எண்ணம் என்பதற்குச் சரித்திரமே சாட்சி. லண்டனை அடுத்த ஈலிங் என்னும் புறநகரில் வசித்த ஆண்ட்ரூ ஐன்ஸ்லி காமன் என்பவர் எந்த வானிலையத்திலும் உத்தியோகம் வகித்தவரல்லர். சுகாதார எஞ்சினீயர் தொழில் செய்து ஜீவித்தவர். அவர் தம் வீட்டுத் தோட்டத்தில் 36 அங்குலக் கண்ணாடி பொருத்திய தூரதர்சினி ஒன்றை நிறுவி, 1883ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் ஓரியன் மண்டலத்து நெபுலாவைப் போட்டோப் படம் பிடித்தார். மறு வருஷமே ராயல் வானசாஸ்திர சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது.

நெபுலா என்பது விண்வெளியிலுள்ள வாயுவும் தூசியும் திரண்ட மேகம். திருவாதிரை நட்சத்திரத்திற்குத் தெற்கே வரிசையாய் நிற்கும் மூன்று நட்சத்திரங்களையும், அவற்றிற்குக் கீழே மங்கிய திவலைபோல் தெரியும் ஒளியையும் கிராமத்து வானத்தில் எவரும் காணலாம். அத்திவலையே சுமார் 1,300 ஒளிவருஷ தூரத்திலுள்ள ஓரியன் நெபுலா. அதை முதன்முதலாகப் படம் பிடித்தவர் அமெரிக்க வைத்தியரான ஹென்றி டிரேப்பர், வருஷம் 1880. அதற்கு முன்பெல்லாம் பண்டிதர்கள் கண்ணால் பார்த்துக் கையால் வரைந்தனர். ஒருவர் சித்திரம் மற்றொருவர் சித்திரத்தோடு பொருந்தாதபோது, மாறியது நெபுலாவா வரைந்தவர் கையா என்று தீர்மானிக்க வழியில்லை. போட்டோத் தகடு வந்தபின், வாய்மொழிச் சாட்சியத்தின் இடத்தில் எழுத்து மூலமான தஸ்தாவேஜு வந்தாற்போலாயிற்று. மேலும், கண் அந்தந்தக் கணத்து ஒளியை மட்டுமே காணும். தகடோ நிமிஷக்கணக்காக ஒளியைச் சேர்த்து வைக்கும். ஆகவேதான் அதே தூரதர்சினியில் கண்ணுக்குப் புலப்படாத நட்சத்திரங்களும் காமனுடைய தகட்டில் பதிந்தன.

அந்தக் கருவியின் பிற்காலமும் அறியத்தக்கது. 1885இல் அதைக் கிராஸ்லி என்ற கனவான் விலைக்கு வாங்கினார். 1895இல் அது கலிபோர்னியாவிலுள்ள லிக் வானிலையத்திற்கு நன்கொடையாகச் சென்றது. அங்கே கீலர் என்ற பண்டிதர் 1898 முதல் அதைக் கொண்டு எடுத்த நெபுலாப் படங்கள் உலகப் புகழ் பெற்றன. ஒரு குடியானவர் தோட்டத்திலிருந்த கருவி, பெரிய ஸ்தாபனத்திற்குக் கைகொடுத்தது.

அதெல்லாம் பழங்கதை, இந்நாளில் தனிமனிதனுக்கு இடமேது என்பாருக்கும் விடையுண்டு. 2004 ஜனவரியில் அமெரிக்காவின் கெண்டக்கி மாகாணத்தில் ஜே மக்நீல் என்பவர், தம் வீட்டுக் கொல்லையிலிருந்து 3 அங்குலத் தூரதர்சினியும் எலெக்ட்ரானிக் காமிராவும் கொண்டு ஓரியன் மண்டலத்தைப் படமெடுத்தார். அப்படத்தில், அக்காலத்து விண்படங்களில் காணாத புது நெபுலா ஒன்று இருந்தது. பெரிய வானிலையங்கள் பின்னரே அத்திசையில் திரும்பின. பழைய படங்களைத் தேடியபோது, 1966இல் மற்றோர் அமெச்சூர் எடுத்த படத்திலும் அது இருக்கக் கண்டனர். அது இளம் நட்சத்திரம் ஒன்றின் ஒளியால் விளங்குவதும் மங்குவதுமாக உள்ள மேகம் என்று தெளிவாயிற்று. இன்று அது மக்நீல் நெபுலா எனவே வழங்குகிறது.

இப்படிப்பட்ட முயற்சிக்கு இன்று வந்திருக்கும் இடையூறு பணமன்று, தெரு விளக்கு. புறநகர் வீதிகளில் மறைப்பின்றி எரியும் விளக்குகளின் ஒளியில் ஒரு பகுதி மேலே சென்று, காற்றிலுள்ள தூசியிலும் நீராவியிலும் பட்டுத் திரும்பி, வானத்தை வெளுக்கச் செய்கிறது. ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் ஆகிய வாயுக்கள் தாமே வீசும் குறிப்பிட்ட நிறங்களை மட்டும் உள்ளேவிடும் வடிகட்டிக் கண்ணாடிகள் இருக்கின்றனவே என்பர் சிலர். மெய்தான், ஓரியன் நெபுலாவுக்கு அவை உதவும். ஆனால் மக்நீல் கண்ட மேகம் நட்சத்திர ஒளியைப் பிரதிபலிப்பது. அவ்வொளியில் எல்லா நிறமும் கலந்திருப்பதால் வடிகட்டி அதையும் சேர்த்தே தடுத்துவிடும். பழைய சோடியம் விளக்கின் மஞ்சளொளியை ஓரளவேனும் விலக்க முடிந்தது. இப்போதைய வெள்ளை எல்.ஈ.டி. விளக்கின் ஒளியோ எல்லா நிறங்களிலும் பரவி நிற்பது. புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியவற்றை மறைக்கும் திரையை நாமே வரி கொடுத்து விரிக்கிறோம்.

வயிற்றுக்கு வழியில்லாதார் பலர் இருக்கும் தேசத்தில் நட்சத்திரப் படம் எதற்கென்று தேச ஊழியர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது. ஆனால் நாம் கேட்பது புது மானியமன்று. வீண் செலவை நிறுத்துவதே. விளக்கின்மேல் மறைப்பிட்டு ஒளியைச் சாலையில் விழச் செய்தால், குறைந்த மின்சாரத்தில் நடப்பவனுக்கு வழி தெரியும். எதிரே வருபவன் கண்ணும் கூசாது. இருட்டில் திருடர் பயம் என்பாருக்கும் இதுவே சமாதானம்: வேண்டுவது வீதியில் வெளிச்சமேயன்றி ஆகாயத்திலன்று.

சட்டமும் இதில் பின்தங்கியே நிற்கிறது. 1882ஆம் வருஷத்து ஈஸ்மெண்ட் சட்டப்படி, ஒரு கட்டடத்திற்கு 20 வருஷம் தடையின்றி வந்த வெளிச்சத்திற்கு வீட்டுக்காரன் பாத்தியதை பெறுகிறான். யுகயுகமாய் அனுபவித்து வந்த இருளுக்கு அச்சட்டத்தில் அத்தகைய பாத்தியதை இல்லை. ஸ்லோவேனியா 2007இலும் பிரான்ஸ் 2018இலும் வெளி விளக்குகளுக்கு விதிகள் வகுத்தன. நம் தேசத்திலும் 2022இல் லடாக்கின் ஹான்லேப் பிரதேசம் இருண்ட வானக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. நல்ல காரியமே. ஆயினும் இமயத்துச் சிகரத்தில் பண்டிதர்களுக்கு மட்டும் இருளைக் காத்து, ஊர்தோறும் குடிமக்களுக்கு அதை இல்லையென்பது, அறிவை மீண்டும் சிலருடைய ஏகபோகமாக்குவதாகும். ஆளும் உரிமையைப் பெற்ற ஜனங்களுக்கு அறியும் உரிமையும் வேண்டும்.

ஆகவே, தெருவில் புது விளக்கு போடவும் பழையது மாற்றவும் நகரசபை தீர்மானிக்கும்போதெல்லாம், அது மறைப்புள்ள விளக்குதானா என்று அங்கத்தினர்கள் கேட்கவேண்டும். அவர்கள் கேளாவிடின் வரி செலுத்துவோர் கேட்கவேண்டும். காமனைப் போலும் மக்நீலைப் போலும் கொல்லையில் கருவி வைத்துக் காத்திருக்கப்போகும் பிள்ளை நம் ஊரிலும் பிறந்திருக்கக்கூடும். அவனுக்கு நாம் தூரதர்சினி வாங்கித் தராவிட்டாலும், அவனுடைய வானத்தை அழிக்காமலேனும் இருப்போமாக.