வண்டி சொத்தாகுமா?

நிலத்தையும் நகையையும் வீட்டையும் மட்டுமே சொத்து என்று எண்ணிய காலம் போய், நாற்பது ஐம்பது லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கிய எஸ்யூவி வண்டியையும் அந்த வரிசையில் சேர்த்து எண்ணுகிற அபிப்பிராயம் செஞ்சி வட்டாரத்தில் வேரூன்றிவிட்டது. மல்லாட்டையும் நெல்லும் விளைந்த காணியை மனைப்பிரிவு போடுகிறவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு, கைக்கு வந்த தொகையில் பெரும்பகுதியை வண்டியில் போட்டவரைப் பார்த்து, 'பணத்தை விரயம் செய்தாரே' என்று எவரும் சொல்வதில்லை. ஒரு சொத்தை விற்று இன்னொரு சொத்து வாங்கியிருக்கிறார் என்றுதான் சொல்கிறார்கள். போதாக்குறைக்கு, 'வாங்கும்போதுதான் வலி. அப்புறம் டீசல் செலவு மட்டுந்தானே, விற்றால் போட்ட காசு வந்துவிடும்' என்ற வேதவாக்கு ஒன்றும் திருவண்ணாமலைச் சாலை டீக்கடைகளில் தடையின்றிப் புழங்குகிறது. இந்த வாக்கின் மூன்று பகுதிகளும் பிசகு என்பது என் கட்சி.

வாங்கும்போதுதான் வலி என்பதை மறுக்க இந்த ஊரைவிடப் பொருத்தமான இடம் வேறு கிடையாது. மொகலாயர் படை எட்டு வருஷம் முற்றுகையிட்டு 1698இல் பிடித்த கோட்டையை, 1750 செப்டம்பரில் புஸ்ஸியின் தலைமையில் வந்த பிரெஞ்சுக்காரர்கள் ஒரே இரவில், சொற்ப நஷ்டத்தோடு பிடித்துவிட்டார்கள். மலிவாக முடிந்த காரியம் என்று புதுச்சேரியில் குதூகலித்திருப்பார்கள். ஆனால் 1761இல் ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கும் வரை அதை வைத்துக்கொண்டிருந்த காலத்தில், இந்த ஊரின் ஜுரத்துக்கும் சீதோஷ்ணத்துக்கும் அவர்கள் பறிகொடுத்த ஐரோப்பியச் சிப்பாய்கள் 1,200 பேர் என்று ஆங்கிலேயர் காலத்துக் குறிப்புகள் கூறுகின்றன. பிடித்த விலை ஒன்று, வைத்திருந்த விலை வேறொன்று. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் கோட்டை இடம் பெற்ற பிறகு வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். அவர்களில் பலரும் கல்யாண மகாலுக்குப் பக்கத்தில் குதிரை லாயங்களைப் பார்த்ததும் தேசிங்கு ராஜனின் குதிரையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். சற்றுத் தள்ளி நிற்கும் பெரிய களஞ்சியத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. கட்டிப்போட்ட குதிரையும் தின்னும் என்பது களஞ்சியத்தைக் கட்டியவனுக்குத் தெரிந்திருந்தது.

வண்டி நிற்கும்போதும் தின்பது தன் விலையையே. இதற்கு நான் சாட்சி தேடி அலைய வேண்டியதில்லை. வண்டிக்காரரே வருஷா வருஷம் பணம் கட்டி வாங்கி, டாஷ்போர்டு அறைக்குள் மடித்து வைத்திருக்கும் காப்பீட்டுத் தாளில் அது அச்சாகியிருக்கிறது. ஐ.டி.வி., அதாவது காப்பீட்டுக்காக அறிவித்த மதிப்பு, என்ற தலைப்பின்கீழ் உள்ள தொகையைப் பாருங்கள். வண்டி ஆறு மாதத்தைத் தாண்டி ஒரு வருஷத்துக்குள் இருந்தால் பட்டியல் விலையில் 15 சதவீதம் கழிவு. இரண்டாம் வருஷத்தில் 20. மூன்றாம் வருஷத்தில் 30. நான்காம் வருஷத்தில் 40. ஐந்தாம் வருஷத்தில் 50. நாற்பது லட்சம் என்று ஊரார் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும் வண்டிக்கு, அது களவு போனால், ஐந்தாம் வருஷத்தில் கிடைக்கக்கூடியது இருபது லட்சம். சாலை வரி அந்தக் கணக்கில் சேரவே சேராது. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல், இருபது லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுட்கால வரி 20 சதவீதம். ஆகவே எட்டு லட்சம் ரூபாய் வண்டி ஷோரூம் வாசலைத் தாண்டுமுன்பே போய்ச் சேர்ந்துவிடுகிறது.

டீசல் செலவு மட்டுந்தானே என்பவர்களுக்காக ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். அனுமானங்கள் என்னுடையவை; எவரும் தம் வண்டிக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். விலை 40 லட்சம். அதில் 35 லட்சத்தை 9 சதவீத வட்டியில் ஏழு வருஷக் கடனாக வாங்கினால், மாத டியூ ஏறக்குறைய 56,300 ரூபாய்; வட்டி மட்டும் 12 லட்சத்துக்குச் சற்று மேல். வரி 8 லட்சம். வருஷத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கொடுத்து, டீசல் 92 ரூபாயிலேயே நின்றுவிட்டதாக வைத்தாலும் பத்து வருஷத்தில் 11 லட்சம். காப்பீட்டுக்கு 5 லட்சம். டயர், பிரேக், சஸ்பென்ஷன், சர்வீஸ் எல்லாம் சேர்த்து 5 லட்சம். இது தாராளமான மனத்தோடு குறைத்துப் போட்ட தொகை. கூட்டினால் 41 லட்சம் வருகிறது. வண்டியின் விலையை இன்னொரு முறை முழுசாகக் கொடுத்தாயிற்று. அதில் 'மட்டுந்தானே' என்ற டீசல் கால்வாசிதான். டிரைவர் சம்பளத்தை நான் சேர்க்கவே இல்லை. பத்தாம் வருஷம் வண்டி 10 லட்சத்துக்கு விலை போகிறது என்றே கொள்வோம். அப்படியும் 71 லட்சம் செலவாகி, ஓடிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 60 ரூபாய் விழுகிறது. ஊரில் இன்னோவா வாடகைக்கு எடுத்தால், டிரைவரோடு சேர்த்துக் கிலோமீட்டருக்கு இருபது ரூபாயை ஒட்டித்தான் கேட்பார்கள். சென்னைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்ப, சொந்த வண்டியின் கௌரவத்துக்காக மட்டும் பன்னிரண்டாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறோம் என்று அறிந்தால், மொய் எழுதும் கை சற்று நடுங்கும்.

விற்றால் போட்ட காசு வரும் என்ற பகுதிக்கு ஓர் அரைகுறை ஆதாரம் உண்டு; அதை மறைப்பது நியாயமாகாது. டொயோட்டா ஃபார்ச்சூனர் மற்ற பெரிய வண்டிகளைவிட மெதுவாகவே விலை இறங்குகிறது என்பது வாஸ்தவம். ஆனால் மெதுவாக இறங்குவதும் இறங்குவதுதானே ஒழிய ஏறுவதாகாது. அன்றியும், அந்த விலை நம் கையில் இருப்பதாக எண்ணுவது பிரமை. 2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. மாற்றத்தில் பெரிய வண்டிகளின் வரி, செஸ்ஸோடு சேர்ந்து 50 சதவீதமாக இருந்தது, 40ஆகக் குறைந்தது. அந்த ஃபார்ச்சூனரின் விலை 3 லட்சத்து 49 ஆயிரம் வரை இறங்கியது. புதிது வாங்க வந்தவர் மகிழ்ந்தார். அதற்கு முந்தின மாதம் வாங்கி, மாலை வாடுமுன் வீட்டு வாசலில் நிறுத்தியவருடைய 'சொத்து', அவர் ஒரு மைல்கூட ஓட்டாமலேயே அந்த அளவுக்குக் கரைந்தது. காணிக்கு அப்படி ஒரு நாள் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஜெர்மானிய வண்டிகளைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். எண்பது லட்சத்துக்கு வாங்கிய ஆடியையோ பி.எம்.டபிள்யூவையோ ஏழெட்டு வருஷம் கழித்துப் புது மாருதியின் விலைக்குக் கிடைக்கிறதே என்று வாங்கி வந்து, 'கொள்ளை மலிவு' என்று மார் தட்டுகிற இளைஞர்களைப் பார்க்கிறேன். முதல் சொந்தக்காரர் ஏன் அந்த விலைக்குக் கொடுத்தார் என்று அவர்கள் கேட்பதில்லை. வண்டியின் விலை இறங்கும். அதன் ஏர் சஸ்பென்ஷனின் விலையும் கியர்பாக்ஸின் விலையும் அதோடு கூட இறங்குவதில்லை. மாருதி விலைக்கு வாங்கியவர் எண்பது லட்ச வண்டிக்கான உதிரிப்பாகத்தை, எண்பது லட்ச வண்டிக்கான விலையிலேயே வாங்க வேண்டும். கம்பெனி சர்வீஸுக்கோ புதுச்சேரிக்கும் சென்னைக்கும் ஓட வேண்டும். சமயத்தில் வண்டியை இன்னொரு வண்டியின் முதுகில் ஏற்றிக்கொண்டு.

இதிலே நூதனமான துன்பம் ஒன்றும் உண்டு. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று புகைக்குழாயில் இருக்கிறது. சேர்ந்த கரி தானாக எரிந்து போக வேண்டுமானால், வண்டி நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் ஒரே வேகத்தில் ஓடி, குழாய் நன்றாகச் சூடேற வேண்டும். நம்மவர் வண்டியோ காலையில் வீட்டிலிருந்து ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கும், அங்கே நெல் மூட்டை வண்டிகளுக்கிடையில் அரை மணி ஏ.சி. போட்டு நின்றுவிட்டுக் கடைவீதிக்கும், மாலையில் யாராவது ஒருவர் வீட்டுக் காதுகுத்துக்கும் போய் வருகிறது. ஒரு நாள் ஆரஞ்சு விளக்கு எரிகிறது. நான்கு நாள் கழித்து வண்டி இழுக்க மறுக்கிறது. ஊர் மெக்கானிக் தலையைச் சொறிகிறார். வடிகட்டியை மாற்றுவதென்றால் லட்சக் கணக்கில் கேட்கிறார்கள். குறுகிய தூரத்துக்காகச் செய்யப்படாத யந்திரத்தைக் குறுகிய தூரத்துக்கே வாங்கியதன் பலன் இது.

வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று ஆறுதல் சொல்லும் ஆடிட்டர்களும் இருக்கிறார்கள். வியாபாரத்துக்கு ஓடும் காருக்குச் சட்டம் வருஷத்துக்கு 15 சதவீதம் தேய்மானம் அனுமதிப்பது மெய்தான். இது சொத்தல்ல, தேய்கிற சரக்கு என்று சர்க்காரே ஒப்புக்கொண்டிருப்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி எதற்கு? மேலும், விவசாய வருமானத்துக்கு வரியே கிடையாதாகையால், காணி விற்று வண்டி வாங்கிய குடியானவருக்குக் கழித்துக்கொள்ள அங்கே வரியே இல்லை. இன்னும் சிலர் புதுச்சேரி விலாசத்தில் பதிவு செய்து வரியை மிச்சம் பிடித்ததாகப் பெருமை பேசுகிறார்கள். வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். சோதனைச் சாவடியைக் கண்டால் சுற்று வழியில் போகிற வண்டியில் என்ன கம்பீரம் இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

கரடுமுரடான பாதை, கூட்டுக் குடும்பம், மேல்மலையனூர் அமாவாசைக்கு ஏழு பேரை ஏற்ற வேண்டும் என்கிறவர்களுக்கு, அதே பாதையில் அதே ஏழு பேரோடு கால்வாசி விலைக்குப் பொலிரோ போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஆக, மிஞ்சுவது கௌரவம் ஒன்றே. கௌரவத்தை விலை கொடுத்து வாங்க ஒருவருக்குப் பூரண சுதந்திரம் உண்டு. அதைச் செலவு என்று கணக்கில் எழுதிக்கொண்டு வாங்கினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. சொத்து என்று எழுதுவதைத்தான் கண்டிக்கிறேன். முக்கியமாக, மாப்பிள்ளை வீட்டு வாசலில் நிற்கும் வெள்ளை வண்டியைப் பார்த்த மாத்திரத்தில் நல்ல இடம் என்று தீர்மானித்துவிடும் பெண் வீட்டார், ஜாதகம் வாங்கும்போதே அந்த வண்டியின் கடன் கணக்குத் தாளையும் ஒரு பிரதி கேட்டு வாங்கி, பொருத்தம் பார்க்கிறவரிடம் இல்லாவிட்டாலும் ஊர்க் கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கும் ஒன்றுவிட்ட மாமாவிடமாவது காட்டிவிட்டு, அதற்குப் பிறகு வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ளலாம்.