கொண்டி மாட்டினா போதுமா, இழுத்துப் பார்த்தீங்களா?

2024 ஜூன்ல அந்த வீடியோ உங்க ஃபோனுக்கும் வந்திருக்கும். நெதர்லாந்து பைலட் நரீன் மெல்குமியான், எக்ஸ்ட்ரா 330 எல்எக்ஸ் விமானத்தில் ஏரோபாட்டிக் பயிற்சியில் இருக்கிறார். திடீரென்று தலைக்கு மேலே இருக்கிற கண்ணாடி மூடி, அதாவது கேனபி, திறந்து நொறுங்கிப் போகிறது. முகத்தில் அறைகிற காற்றில் கண்ணும் தெரியல, மூச்சும் விட முடியல. அப்படியும் பத்திரமாகத் தரையிறக்கிவிட்டார். காரணத்தையும் அவரே வெளிப்படையாகச் சொன்னார்: லாக்கிங் பின் பூட்டு நிலைக்குப் போகவே இல்லை, கிளம்பும் முன் அதை அவர் கவனிக்கவில்லை.

"செக் பண்ணியிருக்கலாமே" என்றுதான் நமக்கு உடனே தோணும். ஆனா இன்ஜினியரிங் படிக்கிற நீங்களும் நானும் அதோட நிறுத்திடக் கூடாது. பூட்டாத பூட்டு, பூட்டின மாதிரி எப்படி இருந்துச்சு? நாம கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

அதுவாவது ஃபேக்டரியில் செய்த விமானம். வீட்டிலேயே விமானம் கட்டுறவங்களை யோசிச்சுப் பாருங்க. ஆலப்புழாக்காரர் அசோக் தாமராட்சன் இங்கிலாந்தில் லாக்டவுன் நேரத்தில் ஒரு நாலு சீட்டர் கிட் விமானத்தைக் கட்டினார். அமோல் யாதவ் மும்பையில் மொட்டை மாடியிலேயே கட்டினார். இப்படிக் கட்டும்போது லாட்ச்சைப் பொருத்துறதும் நீங்கதான், அது சரியா உட்காருதான்னு பார்க்கிறதும் நீங்கதான். இறக்கைக்கும் இன்ஜினுக்கும் மாசக்கணக்கில் உழைச்சிட்டு, "இது வெறும் தாழ்ப்பாள்தானே" என்று லாட்ச்சைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிடுவோம்.

அது வெறும் தாழ்ப்பாள் இல்லைங்கிறதுக்கு ஒரு சின்னக் கணக்கு. கேனபியின் வளைவு மேல காற்று வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறையும். கேனபியை மேல்நோக்கி இழுக்கும். பரப்பு 1 சதுர மீட்டர், இழுப்பு டைனமிக் பிரஷரில் பாதி என்று வச்சுக்குவோம். தரையில் 20 கி.மீ. வேகத்தில் உருளும்போது இழுப்பு சுமார் 1 கிலோ. 185 கி.மீ. வேகத்தில் சுமார் 80 கிலோ, ஒன்றரை மூட்டை சிமென்ட்டுக்கும் மேல! விசை வேகத்தின் வர்க்கமாகக் கூடுது இல்லையா, அதனாலதான் பாதி மாட்டின லாட்ச் தரையில் சமர்த்தா இருந்துட்டு மேலே போனதும் கையை விரிச்சிடும்.

"சரி, ஒரு வார்னிங் லைட் வச்சிடலாம்" என்பீங்க. 1974 மார்ச் 3 அன்று பாரிஸ் அருகே விழுந்த துருக்கி ஏர்லைன்ஸ் டிசி-10 விமானத்திலும் லைட் இருந்தது. சரக்குக் கதவின் கைப்பிடி முழுசா மூடியிருந்தது, காக்பிட்டில் லைட்டும் அணைஞ்சிருந்தது. உள்ளே கொக்கிகள் மட்டும் சரியாகப் பூட்டவில்லை. இறந்தவர்கள் 346 பேர். கைப்பிடியும் லைட்டும் சொன்னது பொய்.

எங்க ஏரல் பக்கம் வாழைத்தார் ஏத்துற லாரியைப் பாருங்க. பின்கதவுக்குக் கொண்டி இருக்கும், கூடவே சங்கிலியும் இருக்கும். கிளம்பும் முன் அதை ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பாங்க. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு தாங்கும். மாட்டியிருக்கான்னு கையே சொல்லிடும்.

விமானத்துக்கும் இதையேதான் நான் கேட்கிறேன். ஒண்ணு, கைப்பிடி எங்கே நிக்குதுன்னு பார்த்தா பத்தாது. பின் துளைக்குள்ள போயிருக்கிறது பைலட் கண்ணுக்கு நேராத் தெரியணும். ரெண்டு, மெயின் லாட்ச் விட்டாலும் கேனபியைப் பிடிச்சு வைக்கத் தனியா ஒரு கொக்கி. பர்ட் ருட்டான் வடிவமைத்த லாங்-ஈஸி விமானத்தில் இது உண்டு. பூட்டாம த்ராட்டிலைத் தள்ளினா அலாரமும் கத்தும். மூணு, கீல் எந்தப் பக்கம்னு முதல் நாளே யோசிக்கணும். முன்பக்கக் கீல் இருந்தா, திறந்தாலும் எதிர்க்காற்று அதை முழுசாத் திறக்க விடாது. பக்கவாட்டுக் கீல் என்றால் பிய்த்துக்கொண்டு போக வாய்ப்பு அதிகம்.

இவ்வளவும் செஞ்சும் திறந்துட்டா? முதல்ல விமானத்தை ஓட்டணும். கேனபி திறந்தாலும் பெரும்பாலும் விமானம் பறக்கும். மூடியை எட்டிப் பிடிக்கப் போய் கன்ட்ரோலை விடுறதுதான் ஆளைக் கொல்லும். மெல்குமியான் தப்பிச்சதும் கடைசி வரை ஓட்டியதால்தான்.

"பைலட் எரர்" என்று எழுதி ஃபைலை மூடுறது சுலபம். களைச்சுப்போன மனுஷன் ஒருநாள் மறப்பான். மறந்தது அவன் கண்ணுக்குத் தெரியுற மாதிரி செய்யுறதுதான் நம்ம வேலை. அடுத்த ப்ராஜெக்ட் ரிவ்யூவில் ட்ரோன் பேட்டரி மூடியோ, ரேஸ் கார் பானட்டோ, எதைக் கொண்டு வந்தாலும் சரி, "இது பூட்டலைன்னா எப்படித் தெரியும்?" என்று ஒருத்தராவது கேளுங்க. பதில் வரலைன்னா, அந்த டிசைன் இன்னும் முடியல.