பின்சக்கரத்தின் பங்கு

பந்தயக் கார்களைப் பற்றித் தமிழில் எழுதப்படுகிறவை பெரும்பாலும் குதிரைத்திறனில் தொடங்கி உச்ச வேகத்தில் முடிந்துவிடுகின்றன. பிரேக்கைப் பற்றிப் பேச யாருக்கும் பொறுமையில்லை. ஆனால் சொந்த ஸ்போர்ட்ஸ் காரை ஓடுதளத்திற்குக் கொண்டுசெல்லும் ஆர்வலர்கள் முதலில் கைவைப்பது பல நேரங்களில் பிரேக்கில்தான். விசையைச் சற்றே பின்சக்கரங்களுக்கு நகர்த்தினால் கார் வளைவில் துடிப்பாகத் திரும்பும் என்பது அவர்களது நம்பிக்கை. அது பாதி உண்மை. அதனாலேயே மறுப்பது கடினமாக இருக்கிறது.

கணக்கு எளியது. ஆயிரம் கிலோ எடை, அச்சுகளுக்கிடையே 2.3 மீட்டர், தரையிலிருந்து 46 சென்டிமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு மையம், நிற்கும்போது முன்னும் பின்னும் சரிபாதி பாரம் என்று ஒரு காரை எடுத்துக்கொள்வோம். ஒரு ஜி அளவுக்குப் பிரேக் பிடித்தால் இருநூறு கிலோ முன்னே சாய்கிறது. முன்னே 700, பின்னே 300. பின்சக்கரங்கள் தாங்கக்கூடியது அந்த முந்நூறுக்கு உரிய பிரேக்கை மட்டுமே. அதற்குமேல் கேட்டால் அவை 'லாக்' ஆகும், அதாவது சுழற்சி நின்று வழுக்கும். வழுக்கும் டயருக்குப் பக்கவாட்டுப் பிடிப்பு ஏறக்குறைய இல்லை. முன்சக்கரம் வழுக்கினால் கார் திரும்ப மறுத்து நேராகப் போகும். காலைச் சற்றுத் தளர்த்தினால் மீளலாம். பின்சக்கரம் வழுக்கினால் காரின் வால் முன்னே வந்துவிடும். ஏபிஎஸ் இல்லாத கார்களில் முன்சக்கரங்களே முதலில் லாக் ஆக வேண்டும் என்று ஐ.நா.வின் 13-எச் விதி வலியுறுத்துவது இதனால்தான். எஞ்சின் பின்னாலிருக்கும் போர்ஷே 911 போன்றவற்றில் பின்பிரேக்கின் பங்கு கூடுதல் என்பது வேறு விஷயம். அங்கே பின்னால் பாரமும் கூடுதல்.

பந்தயக் கார்களில் பிரேக் மிதி இரண்டு மாஸ்டர் சிலிண்டர்களை ஒரு குறுக்குத்தண்டின் வழியே தள்ளுகிறது. கம்பில் பானையைத் தொங்கவிட்டு இருவர் தோளில் சுமக்கும்போது, பானை யார் பக்கம் நகர்கிறதோ அவருக்கே பாரம் அதிகம். ஓட்டுநரின் கைக்கெட்டும் திருகு நகர்த்துவது அந்தப் பானையைத்தான்.

மழையில் இத்திருகு மிகவும் பயன்படும். ஈரத்தளத்தில் அரை ஜிதான் கிடைக்கிறது என்றால் நம் காரில் முன்னே 600, பின்னே 400. ஆகவே பின்னுக்குத் திருப்புவது சரியே. பிறகு வெயில் வருகிறது, தளம் காய்கிறது, ஒவ்வொரு சுற்றிலும் ஓட்டுநர் இன்னும் அழுத்தமாக மிதிக்கிறார், திருகோ மழைக்கால நிலையிலேயே இருக்கிறது. நான் அஞ்சுவது இந்த மறதியைத்தான்.

தொழில்முறை ஓட்டுநர்களுக்கே இது நேர்ந்திருக்கிறது. 2021 ஜூன் 6 அன்று பாக்கு நகரில், இரண்டே சுற்றுகள் மிச்சமிருக்க, அஜர்பைஜான் கிராண்ட் ப்ரீ மீண்டும் தொடங்கியது. இரண்டாம் இடத்திலிருந்து கிளம்பிய லூயிஸ் ஹாமில்டனின் கை ஸ்டீயரிங்கில் இருந்த ஒரு பொத்தானில் பட்டுவிட்டது. முன்பிரேக்குகளைச் சூடேற்றுவதற்காகப் பிரேக் விசையை முன்னே தள்ளும் பொத்தான் அது. முதல் வளைவில் முன்சக்கரங்கள் புகைந்தன. கார் நேரே ஓடி வெளியேறியது. முடித்தது பதினைந்தாவதாக. ஆண்டிறுதியில் எட்டுப் புள்ளிகளில் பட்டம் போயிற்று. அன்றைய இரண்டாம் இடத்திற்கே பதினெட்டுப் புள்ளிகள். பலர் கையைக் குறைசொன்னார்கள். பந்தய நெருக்கடியில் தவறிப் படக்கூடிய இடத்தில் அப்படியொரு பொத்தானை வைத்த வடிவமைப்பையே நான் குறைசொல்வேன். விசை முன்னே போனதால் இழந்தது புள்ளிகளை மட்டும். பின்னே போயிருந்தால், அத்தனை கார்களுக்கு நடுவே அவர் சுழன்றிருக்கக்கூடும்.

ஆர்வலர்களிடம் இன்னொரு வழக்கம் உண்டு: 'சுத்தமான' பிரேக் உணர்வு வேண்டும் என்று ஏபிஎஸ் ஃபியூசைப் பிடுங்கிவிடுவது. பின்சக்கர அழுத்தத்தை வரம்புக்குள் வைக்கும் வேலையை முன்பு ஒரு வால்வு செய்தது. பிற்காலக் கார்கள் பலவற்றில் அந்த வால்வே கிடையாது. ஏபிஎஸ்ஸோடு சேர்ந்த மின்னணுப் பங்கீடுதான் அதைச் செய்கிறது. ஃபியூஸ் போனால் பொதுவாக அதுவும் போய்விடும். அதோடு பின்னால் கடுமையான பேடுகளையும் மாட்டிக்கொண்டு இறங்குவதைத் துணிச்சல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

திருகு வேண்டாம் என்பதல்ல என் வாதம். முதலில் நான்கு சக்கரங்களுக்கும் பொருந்திய பேடுகளை மாட்டலாம். ஆளற்ற நேர்ப்பாதையில் முன்சக்கரங்கள் முதலில் லாக் ஆகின்றனவா என்று வேறொருவரை வெளியே நிறுத்திப் பார்க்கச் சொல்லலாம். அந்த நிலையைத் திருகின்மேல் ஒரு பெயின்ட் கோட்டால் குறித்துவைத்து, மழைக்குப் பிறகு பிட்டிலிருந்து கிளம்புமுன் கோடு பழைய இடத்துக்கு வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளலாம்.