கிணற்றுமேட்டு எஞ்சின்

மின்சார மோட்டார் வந்து சேர்ந்த காலம் முதல் கிணற்றுமேட்டுக் கொட்டகைகளில் வேலையற்று நிற்கும் ஆயில் எஞ்சின்களைப் பழைய இரும்பு வியாபாரிக்கு எடைபோட்டுக் கொடுப்பதைக் காணும்போதெல்லாம், இன்னும் ஒரு தலைமுறைக் காலம் உழைக்கத்தக்க சக்தி அந்த வார்ப்பிரும்புக்குள் இருக்கிறதே என்ற வருத்தம் எனக்கு எழாமல் இருப்பதில்லை. இங்கிலாந்தின் டர்ஸ்லி என்னும் ஊரில் லிஸ்டர் கம்பெனியார் 1930-ஐ ஒட்டிச் செய்யத் தொடங்கியதும், பிற்காலத்தில் குஜராத்தின் ராஜ்கோட் பட்டறைகளில் அதே அச்சில் வார்க்கப்பட்டதுமான ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் இவ்வினத்துக்குச் சிறந்த உதாரணம். நிமிஷத்துக்கு 650 சுற்று, 6 குதிரைச் சக்தி, இருபுறமும் கனத்த பிளைவீல். இத்தகைய எஞ்சினில் ஓர் ஆல்டர்னேட்டரைப் பூட்டிவிட்டால், ஏறக்குறைய 3 கிலோவாட் மின்சாரத்தை அதனிடம் எதிர்பார்க்கலாம்.

ஆனால் தண்ணீர் இறைக்கும்போது வேகம் சற்று ஏறினாலும் இறங்கினாலும் வாய்க்காலுக்கு நஷ்டமில்லை, மின்சாரமோ அப்படியன்று. நான்கு துருவ ஆல்டர்னேட்டர் நிமிஷத்துக்கு 1500 முறை சுழன்றால்தான் நம் வீட்டுச் சாதனங்களுக்கு ஏற்ற 50 ஹெர்ட்ஸ் கிடைக்கும். முப்பது சுற்றுக் குறைந்தால் ஒரு ஹெர்ட்ஸ் குறையும். ஆகவே 650-ஐ 1500 ஆக்கும் பொறுப்பு பெல்ட்டைச் சாருகிறது. எஞ்சின் பக்கத்துச் சக்கரம் 24 அங்குலமானால், பெல்ட் நழுவுவதையும் கணக்கில் கொண்டு, ஆல்டர்னேட்டர் புல்லியைப் பத்தேகால் அங்குலத்துக்குக் கடைந்துகொள்வது பொருந்தும். பிறகு இரு சக்கரங்களின் முகத்திலும் நூல் பிடித்துப் பார்க்க வேண்டும். நூல் நான்கு இடங்களிலும் ஒரே சீராகத் தொட்டால் பெல்ட் ஓரம் தேயாமல் ஓடும்.

எஞ்சினே 1500 சுற்று ஓடும் ஜாதியாயிருந்தால் பெல்ட் வேண்டியதில்லை. கப்ளிங் போட்டு நேராகவே இணைக்கலாம். இது சுலபமாகத் தோன்றினாலும் சிரத்தையை அதிகம் கோருவது இந்த முறைதான். கப்ளிங்கின் விளிம்பில் எஃகு ஸ்கேலை வைத்து மேலும் கீழும் இரு பக்கமும் பார்த்து, நடுவே உள்ள இடைவெளியைப் பீலர் கேஜினால் அளந்து, உயரம் குறைந்த காலுக்கடியில் மெல்லிய பித்தளைத் தகட்டைச் செருகி, போல்ட்டை முடுக்கியபின் மறுபடியும் அளக்க வேண்டும். ஏனெனில், முடுக்கும்போதே யந்திரம் ஒரு மயிரிழை நகர்ந்துவிடும். நடுவில் ரப்பர் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுபவர்களுக்குச் சில மாதங்களில் பேரிங்கை மாற்ற நேர்கிறது. ரப்பர் அதிர்ச்சியைத் தாங்குவதற்கே அன்றி, கோணலை மறைப்பதற்கன்று.

அடுத்தது எஞ்சினின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர். பாரம் ஏற ஏற எஞ்சின் சற்றுத் தளரும் இயல்புடையதாதலால், பாரமில்லாதபோது 52 ஹெர்ட்ஸ் காட்டும்படி ஸ்பிரிங்கைத் திருகி வைத்தால் முழுப் பாரத்தில் 50-ஐ ஒட்டி நிற்கும். மெதுவாக ஓடும் எஞ்சினில் இன்னொரு விசேஷமும் உண்டு: இரண்டு சுற்றுக்கு ஒருமுறையே அது வெடிப்பதால், அதாவது வினாடிக்கு ஐந்து முறைக்குச் சற்று அதிகமாகவே உந்துதல் கிடைப்பதால், குண்டு பல்பின் ஒளியில் அந்தத் துடிப்பு கண்ணுக்குத் தெரியும். அதைத் தணிப்பது பிளைவீலின் கனம். எடை அதிகமென்று அதைக் குறைக்கச் சொல்பவர்களின் யோசனையை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

நெடுங்காலம் சும்மா கிடந்த ஆல்டர்னேட்டர் சில சமயம் சுழன்றும் மின்சாரம் தராது. அதன் காந்தசக்தியின் எச்சம் வற்றிப்போயிருப்பதே அதற்குப் பெரும்பாலும் காரணம். விஷயம் தெரிந்த எலக்ட்ரீஷியன் பீல்டு சுருளுக்கு 12 வோல்ட் பாட்டரியைக் கணநேரம் காட்டினால் மீண்டும் உயிர் பெறும்.

இவ்வளவும் செய்துவிட்டுச் சேஞ்ச்-ஓவர் சுவிட்சை மட்டும் செலவென்று தவிர்ப்பதை என்னால் மன்னிக்க முடியாது. வீட்டு இணைப்பைத் தெருக் கம்பியிலிருந்து முற்றிலும் துண்டிக்காமல் ஜெனரேட்டரை ஓட்டினால், நம் மின்சாரம் டிரான்ஸ்பார்மரின் வழியே பின்னோக்கி ஏறி உயர் அழுத்தமாகி, பழுதுபார்க்கக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனைக் கொன்றுவிடக்கூடும். சுவிட்சும் எர்த்தும் அமைந்த பிறகே எஞ்சினைச் சுழற்றலாம். சற்று நேரம் வெறுமே ஓடிச் சூடேறட்டும். அதன்பின் மோட்டாரைத்தான் முதலில் போட வேண்டும், ஏனெனில் கிளம்பும் கணத்தில் அது தன் வழக்கமான அளவைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். விளக்குகளை அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக ஏற்றலாம்.