சயாமுக்குப் போனவர்கள்

தாய்லாந்தின் காஞ்சனபுரி போர்க் கல்லறைத் தோட்டத்தில் 6,982 பேர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். பாங்காக்கிலிருந்து காலையில் கிளம்பினால் மாலையில் திரும்பிவிடலாம். வெட்டிச் சீராக்கிய புல்தரை, வரிசை வரிசையாகத் தாழ்ந்த கற்கள், ஒவ்வொன்றுக்கும் இடையில் பூச்செடி. கல்லில் பதித்த தகட்டில் பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி, வயது. பெரும்பாலும் இருபதுகள். சிலவற்றில் தாயோ மனைவியோ எழுதிக்கொடுத்த ஒரு வரியும் உண்டு. பிரிட்டன், ஆஸ்திரேலியா, நெதர்லாந்து நாட்டுப் போர்க் கைதிகள் இவர்கள். ஜப்பானிய ராணுவம் 1942-43இல், சயாம் என்று நம்மவர்கள் அழைத்த தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டபோது பசியிலும் நோயிலும் அடியிலும் செத்தவர்கள்.

வருகிறவர்களில் பலர் முதலில் அந்த ரயில் பாதையின் குவாய் ஆற்றுப் பாலத்தைப் பார்க்கத்தான் போகிறார்கள். 1957இல் வந்த ஹாலிவுட் படம் அதை உலகப் புகழ் பெறச் செய்துவிட்டது. அந்தப் படம் எடுக்கப்பட்டதோ இலங்கையில், கிதுல்கலவில். பாலத்தில் நின்று படம் பிடித்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் கல்லறைத் தோட்டத்துக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நுழைவாயில் மண்டபத்தில் இந்திய ராணுவத்தைச் சேர்ந்த 11 பேரின் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களுடைய உடல்கள் தாய்லாந்தின் வேறு இடங்களில், முஸ்லிம் இடுகாடுகளில் இருக்கின்றன. உடல் இங்கே இல்லாவிட்டாலும் பெயர் இருக்க வேண்டும் என்று யாரோ அக்கறைப்பட்டிருக்கிறார்கள்.

அந்த அக்கறைதான் என்னை உலுக்கியது. ஏனென்றால் இந்தப் பாதையில் செத்தவர்களில் கைதிகள் சிறுபான்மையினர். கைதிகளில் ஏறத்தாழ 12,000 பேர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் சுமார் 90,000 என்பது பொதுவான மதிப்பீடு. மலாயாவிலிருந்து மட்டும் 75,000 பேருக்கு மேல் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டத் தமிழர்கள். போரினால் ரப்பர் ஏற்றுமதி நின்று, தோட்டங்களில் வேலை இல்லை, அரிசி இல்லை, மரவள்ளிக் கிழங்கே சாப்பாடு. அந்த நேரத்தில், சில மாத வேலை, கூலியும் சோறும் உண்டு என்றார்கள் ஜப்பானியர்கள். நம்பிப் போனவர்கள் உண்டு. ஆள் போதாதபோது பிடித்தும் ஏற்றினார்கள். சிலர் பெண்டாட்டி பிள்ளைகளோடு போனார்கள்.

1943 மழைக்காலத்தில் காலரா பரவியது. கைதிகளிடம் குறைந்தபட்சம் மருத்துவர்கள் இருந்தார்கள், தண்ணீரைக் கொதிக்கவைக்கச் சொல்ல அதிகாரிகள் இருந்தார்கள், யார் எப்போது செத்தார் என்று ஒளித்தாவது எழுதிவைக்க ஆள் இருந்தது. போர் முடிந்த கையோடு தேடுதல் குழு ஒன்று பாதை நெடுகச் சென்று, 144 இடுகாடுகளில் இருந்த 10,549 கல்லறைகளில் 52 தவிர மற்றதையெல்லாம் கண்டுபிடித்தது. தமிழ்க் கூலிகளின் முகாமில் பட்டியல் யார் கையில் இருந்தது? கங்காணியும் செத்தான், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியும் செத்தார். செத்தவர்களைக் குழியில் தள்ளி மூடினார்கள். 1990இல் காஞ்சனபுரியில் ஒரு வயலைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வெளிவந்தன. ஆசியத் தொழிலாளர்களுடையவை என்று கருதப்படுகிறது. ஒருவருக்கும் பெயர் இல்லை.

கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே வாட் தாவோர்ன் என்ற பௌத்தக் கோயில் இருக்கிறது. தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்துப் புதைத்து மேலே ஒரு தூபி கட்டியிருக்கிறார்கள். 2023இல் தமிழர்கள் முயன்று அந்த வளாகத்தில் ஒரு நடுகல்லும் நிறுவினார்கள். எண்பது ஆண்டு தாமதம். ஆனாலும் அதை எழுப்பியவர்களுக்குத் தமிழுலகம் கடன்பட்டிருக்கிறது. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் இந்தப் பாதையைப் பற்றி 'சயாம் மரண ரயில்' என்று நாவலே எழுதினார். தமிழ்நாட்டில் அதைப் படித்தவர்கள் மிகக் குறைவு.

காஞ்சனபுரியிலிருந்து நாம் தோக் வரை அதே பாதையில் இன்றும் ரயில் ஓடுகிறது. தாம் கிராசே என்ற இடத்தில் பாறைச் சுவரை ஒட்டி, ஆற்றுக்கு மேலே மரச்சட்டங்களின்மீது வண்டி ஊர்ந்து போகும். பயணிகள் ஜன்னலுக்கு வெளியே கைப்பேசியை நீட்டினார்கள். என்னால் அந்த அழகைப் பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு சட்டத்தையும் யார் தோளில் சுமந்தார், எந்தத் தோட்டத்து ஆள் என்றே மனம் கேட்டுக்கொண்டிருந்தது.

மலேசியாவில் பல தமிழ்க் குடும்பங்களில் "சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்" ஒருவர் இருப்பார்: பெரிய தாத்தாவோ, பாட்டியின் அண்ணனோ. இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலோ உறவிலோ அப்படி ஒருவர் இருந்தால், அவர் பெயர், தோட்டத்தின் பெயர், எந்த ஆண்டு போனார் என்பதை வீட்டு மூத்தவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள். அவர்களும் வயதாகி ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இந்த ஆண்டே கேளுங்கள்.